அலை இல்லாத பக்கம்

கடலைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது, வினையே அதுதான். ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கிணறு தெரியும், கண்மாய் தெரியும், மலையில் கறுத்தால் ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்பதும் தெரியும். கடலைக் காலண்டரில் பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

நாமெல்லாம் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். பெரியவர்கள் எதையும் யோசித்துத்தான் செய்வார்கள் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அவர்களுடைய அன்றைய வயதை நாமும் கடந்து வந்த பிறகுதான், அவர்களும் குத்துமதிப்பாகத்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள் என்று விளங்குகிறது. கோபம் வருகிறது. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் எங்கள் குடும்பமும் பெரியப்பா குடும்பமும் சேர்ந்து ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெரியம்மா இருந்தவரை எங்கள் வீடுகளில் யாரும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை, இன்றைக்கும் எனக்கு அது வாயில் வர மறுக்கிறது. திரும்பி வந்தபோது வேனில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைவிட, அந்த இடம் காலியானதற்கு யார் காரணம் என்று எங்கள் ஆட்கள் ஒரு பையன் தலையில் கட்டிய பேர் இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். பாத்திரக் கடை வைத்திருந்தார். ஆனால் ஊரில் அவருக்குப் பேர் பாத்திரத்தால் வந்ததல்ல, தண்ணீரால் வந்தது. சுற்றுவட்டாரத்தில் யாராவது கிணற்றில் விழுந்துவிட்டால் அவருடைய கடைக்குத்தான் ஆள் ஓடிவரும். கல்லாவைக்கூடப் பூட்டாமல் கிளம்பிவிடுவார். சில நாள் ஆளை உயிரோடு தூக்கிவருவார், சில நாள் உடம்பை மட்டும். ஈர வேட்டியோடு திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோலக் குத்துவிளக்குக்கு விலை சொல்வார்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியதும் அவர்தான். இடுப்பில் எண்ணெய்க் கேனைக் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வார். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கரையைப் பார்த்து அடி, நிறுத்தாதே. பத்து வயதுப் பெண் நான், சுமாராகக் கற்றுக்கொண்டேன். அவருடைய ஒரே மகன், பதினாலு வயது அண்ணன், சோம்பேறி. நாலு கை அடித்ததும் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான்.

"ஏலே, பொணம் மாதிரி மெதக்காதல" என்று படியிலிருந்து சத்தம் போடுவார். அண்ணன் காதில் தண்ணீர் இருக்கும். கேட்கவே செய்யாது.

கடலுக்குப் போகலாம் என்று கிளப்பியதும் பெரியப்பாதான். முதல் நாள் சாயங்காலமே மூன்று பேரும் பால்கோவாப் பொட்டலங்களோடு ராஜபாளையம் வந்து இறங்கிவிட்டார்கள். மில்லில் பிட்டராக இருந்த அப்பா லீவு போட்டிருந்தார். கூட வேலை பார்த்தவரிடம் ஒரு காமிராவும் இரவல் வாங்கி வைத்திருந்தார். அம்மா புளியோதரை கிண்டினாள். சப்பட்டை மாம்பழங்களை வைக்கோல் போட்டுக் கூடையில் அடுக்கினாள். விடியுமுன் மேட்டடோர் வேன் வந்து நின்றது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். புருஷனுடைய அண்ணன் இல்லையா, அப்படித்தான் பழக்கம். சொல்ல வேண்டியதைப் பெரியம்மாவிடம் சொல்வாள். பெரியம்மா அதை அவரிடம் சொல்வாள். ஒரே வேனில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சுற்றுவழிதான். எங்களுக்கெல்லாம் அது விசித்திரமாகவே பட்டதில்லை.

திருநெல்வேலி தாண்டியதும் வாழைத் தோட்டங்கள் வந்தன. பிறகு பனை. அதற்குப் பிறகு சிவப்பு மணல் மேடு, பனையும் அங்கொன்று இங்கொன்றாக. காற்றில் ஏதோ அழுகியதும் வறுத்ததும் கலந்த மாதிரி ஒரு வாசனை. தம்பி அம்மாவின் மடியில் அழ ஆரம்பித்தான். பால் கொடுத்தும் ஓயவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிந்ததோ, அந்த ஊரில் இருந்தவரை அவன் சரியாகத் தூங்கவே இல்லை.

தங்குவதற்கு ஒரு மீன்பிடிக் குடும்பத்து வீட்டில் இரண்டு அறை விட்டிருந்தார்கள். வீட்டுக்கார அக்காவே சமைத்தும் தந்தாள். சுவரில் மாதா படம், மூலையில் வலைக் குவியல், எங்கே கை வைத்தாலும் பிசுபிசுப்பு. நாங்கள் கண்மாய்க் கெளுத்தியும் விராலும் தின்று வளர்ந்தவர்கள். அன்றைக்கு அந்த அக்கா ஓலைநாரால் கட்டிய நண்டுகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் அண்ணனுடைய உள்ளங்கையைவிடப் பெரியது, கண் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கட்டை அறுத்து உயிரோடு பானைக்குள் போட்டு மூடினாள். உள்ளேயிருந்து பிறாண்டுகிற சத்தம் கேட்டது. நானும் அண்ணனும் அடுப்பைப் பார்த்தபடி நின்றோம். செத்த நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

ஆனால் தின்றோம், பொய் சொல்லக் கூடாது. மிளகும் தேங்காயும் அரைத்துவிட்ட அந்த நண்டுச் சாறு போல நான் பிறகு எங்கும் குடித்ததில்லை. பெரியப்பா பல்லால் ஓட்டைக் கடித்து உடைத்து, வெள்ளைச் சதையை உருவி எல்லோருடைய தட்டிலும் போட்டார். மாங்காய் போட்ட சாளைக் குழம்பு, வறுத்த கணவாய், சுடுசோறு. அண்ணன் மூன்று தடவை சோறு வாங்கினான். அம்மா மட்டும் புளியோதரையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பிறாண்டல் காதை விட்டுப் போகவில்லை.

"சின்னவ ஒண்ணுமே திங்கலியே" என்றாள் பெரியம்மா.

"எனக்கு என்னமோ போல இருக்குக்கா. நாளைக்கே ஊருக்குப் போயிருவமா?"

"ரெண்டு நாளுக்குல்ல வேன் பேசிருக்கு. அவிய சம்மதிக்க மாட்டாவ" என்று பெரியப்பா பக்கம் கண்ணைக் காட்டினாள் பெரியம்மா.

வெயில் தாழ்ந்ததும் பெரியப்பா எங்களைக் கரையோரமாகக் கூட்டிப்போனார். வெள்ளைக் கணவாய் ஓடு பொறுக்கினோம். கண்ணாடிபோல ஒரு ஜெல்லிமீன், அந்த ஊரில் சொறி என்றார்கள், கரையில் கிடந்தது. அண்ணன் குச்சியால் குத்தியதும் ஒழுகியது. ஒரு படகு முதுகு உடைந்து மணலில் பாதி புதைந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குள் நண்டுகள் ஓடின. பெரியப்பா எதையும் நின்று பார்க்கவில்லை. அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது. மறுநாள் குளிப்பதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

கண்மாயில் இறங்குமுன் எங்கள் ஆட்கள் கேட்பது, மடை எந்தப் பக்கம், திறந்திருக்கிறதா என்பதைத்தான். மடை திறந்திருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கும்; மற்ற இடமெல்லாம் பயமில்லை. தண்ணீர் சலனமில்லாமல் இருந்தால் நல்ல தண்ணீர். பெரியப்பாவின் வித்தை முழுவதும் இதற்குள் அடக்கம்.

"இதுல மடை ஏது, மதகு ஏது? எதுவும் இழுக்காது. அலை அடிக்காத எடமாப் பாத்து எறங்குனாப் போதும்" என்றார்.

அப்படி ஓர் இடம் இருந்தது. வடக்கே அலை வரிசை வரிசையாக வந்து நுரைத்து விழுந்தது. தெற்கேயும் அப்படித்தான். நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மட்டும் அலையே இல்லை. தண்ணீர் கொஞ்சம் கறுத்து, மேலே சின்னச் சின்ன சுருக்கங்களோடு படுத்திருந்தது. பெரியப்பா ஒரு தேங்காய் மட்டையை எடுத்து முதலில் அலையில் எறிந்தார். அலை அதைப் புரட்டி அவர் காலடியிலேயே கொண்டுவந்து போட்டது. அதே மட்டையை எடுத்து அந்த அமைதியான இடத்தில் எறிந்தார். அது அசங்காமல் கொள்ளாமல் மிதந்து, மெல்ல மெல்ல உள்ளே போனது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், புள்ளியாகிவிட்டது.

"பாத்தியாலே, எம்புட்டு சாதுவாப் போகுது" என்றார் பெரியப்பா. "அந்தப் பக்கம் மட்டையையே தூக்கி எறியுது. பிள்ளையள விடுமா?"

அவ்வளவு கெட்டிக்கார மனிதர், சோதித்துத்தான் பார்த்தார். கண்ணுக்கு நேராகக் கடல் பதில் சொன்னது. அதை அவர் கண்மாய்ப் பாஷையில் படித்துவிட்டார்.

மறுநாள் காலை இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். பெரியப்பா அரை வயிறாகச் சாப்பிட்டார், தண்ணீரில் இறங்குகிற நாளில் அவர் அப்படித்தான். வெயில் ஏறுமுன் எல்லோரும் கரைக்குப் போனோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வடக்கே, அலை அடிக்கிற இடத்தில் கத்திக்கொண்டு குளித்தது. எங்கள் இடத்தில் ஒருவர்கூட இல்லை.

அம்மாதான் கவனித்தாள். "அக்கா, இந்த ஊர்ப் பிள்ளைய எல்லாம் அங்கல்ல குளிக்கி. இங்க ஒரு குஞ்சுகூட இல்லையே, ஏன்?"

பெரியம்மா திரும்பினாள். "ஏங்க, சின்னவ என்னமோ சொல்லுதா. அந்தப் பக்கம் போவமாங்கா."

"அதுகளுக்கு அலையில கெடந்து பழக்கம். நமக்கு எதுக்கு அந்த வேண்டாத வேலை?" என்றார் பெரியப்பா.

பேச்சு அதோடு முடிந்தது. "ஏன்" என்ற கேள்வி பெரியம்மா வாயைத் தாண்டும்போதே உதிர்ந்துவிட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அம்மா நேராகக் கேட்டிருந்தால் ஒருவேளை அவர் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்.

அப்பா எங்களை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் பிலிம் சுருளை அவர் கடைசிவரை கழுவவில்லை. காமிராவைத் திருப்பிக் கொடுத்தபோது சுருளை உருவி எங்கே போட்டார் என்று அம்மாவுக்கும் தெரியாது.

பெரியப்பா சொன்னதை நான் காதால் கேட்டேன், பக்கத்திலேயே நின்றேன். "ஏலே, இதுல எறங்கு. இடுப்புத் தண்ணியில நில்லு. வாட்ச்ச கழத்திக் குடுத்துட்டு இந்தா வாரேன்." அண்ணன் இறங்கினான். இடுப்புத் தண்ணீரில் நின்றான், ஓரடி கூடத் தாண்டவில்லை. நான் அவனுக்குப் பின்னால் முழங்கால் அளவில் நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. திடீரென்று காலுக்குக் கீழே மணல் நகர்ந்தது, படுத்திருக்கும்போது யாரோ பாயை உருவுகிற மாதிரி.

"பாப்பா, தரை போகுது" என்றான் அண்ணன் என்னிடம். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அப்போதே தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அடுத்தாற்போல் பார்த்தபோது தலை மட்டும்தான், அதுவும் தூரத்தில். அப்பா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

பெரியப்பா ஓடிப்போய்த் தலைகீழாகப் பாய்ந்தார், கிணற்றில் பாய்வதுபோல. எங்களுக்குப் பயமே வரவில்லை. அவர் இறங்கிவிட்டார் அல்லவா. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெகுதூரம் போய்விட்டார், அவ்வளவு வேகமாக அவர் நீந்தி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அண்ணன் தலை அதற்குள் மறைந்துவிட்டது. பெரியப்பா அங்கும் இங்கும் சுற்றித் தேடினார். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பினார். பையன் கரைப் பக்கம் வந்திருப்பான் என்று நினைத்தாரோ, ஆள் கூப்பிட நினைத்தாரோ, தெரியாது.

எங்களை நோக்கி நீந்த ஆரம்பித்தார். முகம் எங்களைப் பார்த்தே இருந்தது. கைகள் மாறி மாறி அழகாக விழுந்தன. "இந்தா வந்துட்டாவ" என்று பெரியம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள், தலை துவட்ட. நான் கை தட்டினேன். அவர் நீந்திக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை.

முதலில் அம்மாவுக்குத்தான் விளங்கியது. "அக்கா, அவிய வரலக்கா" என்றாள். "நீந்துதாவ, ஆனா எடத்த விட்டு அசையலக்கா."

பிறகு அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நேராகக் கூப்பிட்டாள். "அத்தான், அத்தான்" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள். காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

ஊர் ஆட்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் வெளியே வலை இழுத்துத் திரும்பிய ஒரு வள்ளம் அண்ணனைத் தூக்கிவிட்டது. அவன் மல்லாந்து, கையைக் காலை அடிக்காமல், சும்மா மிதந்து போயிருக்கிறான். தண்ணீர் கொண்டுபோய் ஓர் இடத்தில் அவனை விட்டுவிட்டது. வள்ளம் அங்கிருந்து திரும்பிப் பெரியப்பா நீந்திய இடத்துக்கு வந்தது. அங்கே யாரும் இல்லை. மறுநாள்தான் அவர் அடுத்த ஊர்க் கரையில் ஒதுங்கினார்.

வள்ளத்துக்காரர்களில் ஒருவர் அண்ணனைப் பெரியம்மா முன்னால் இறக்கிவிட்டுச் சொன்னார்: "யாரு எறங்கச் சொன்னான்னு கேட்டேன். நானாத்தான் எறங்கினேன்னு சொல்லுதான் பய." கோபமும் பரிதாபமுமாகத்தான் சொன்னார். பெரியம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

துக்க வீட்டில் வருகிறவர்களிடமெல்லாம் அதுதான் பேச்சு. "அவிய ஆழத்துக்குப் போவாதலன்னு சொல்லிருக்காவ. இவன் கேக்காம எறங்கிருக்கான்." ஒரு சுற்று முடியுமுன் கதை அப்படி முற்றிவிட்டது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இல்ல, பெரியப்பாதான் எறங்கச் சொன்னாவ. நான் கேட்டேன்." ஒரு சொந்தக்காரி என் கன்னத்தில் இடித்தாள். "ஏட்டி, சும்மா கெட. செத்த மனுசனையா கொற சொல்லுத?" அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. கரையில் பெரியப்பா சொன்னது அவர் காதிலும் விழுந்துதான் இருந்தது.

அண்ணனுக்கு அன்றையிலிருந்து பேர் "அப்பனை முழுங்குனவன்". பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தான். தொண்ணூறுகளில் அவனுக்குப் பெண் பார்த்தபோது இரண்டு இடம் இந்தப் பேரினாலேயே தட்டிப்போனது. பெரியம்மா அவனோடுதான் இருந்தாள், அவன் கையால்தான் சாப்பிட்டாள், ஆனால் அவனிடம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள். மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்து ஊரே பார்க்கப் போகும்போது அவன் கடையிலேயே இருப்பான். அவன் ஒருநாளும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று எனக்கே சில வருஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அண்மையில் என் மகள் சென்னையில் கடலோரமாக வீடு மாறினாள். மூன்றாவது மாடி. காபி டம்ளரோடு பால்கனியில் நின்று கீழே பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக அலை வரிசை. நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு அலை இல்லை, தண்ணீர் கறுத்திருந்தது. கரை நுரையும் குப்பையும் அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"அத்தை, பாக்க அமைதியா இருக்கும். வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போகும், அதுல மட்டும் எறங்கக் கூடாது" என்றார் மருமகன். "மாட்டினா நேரா கரைக்கு நீந்தக் கூடாதாம். சும்மா மிதக்கணும், இல்ல பக்கவாட்டுல போகணும்."

அந்தக் கடைசி வார்த்தைகளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். டம்ளரை யார் வாங்கினார்கள் என்று நினைவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துப் பெரியம்மா போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பந்தி முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிய பிறகு அண்ணன் வாடகைப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வழுக்கை, கண்ணாடி. பக்கத்தில் உட்கார்ந்து பால்கனியில் பார்த்ததை, மருமகன் சொன்னதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். உன்மேல் தப்பே இல்லை அண்ணே, இனி ஒவ்வொரு வீடாகப் போய் நானே சொல்வேன் என்றேன்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா" என்றான்.

"எப்படி?"

"என்னைய வள்ளத்துல தூக்கிப் போட்டதும் அந்த வள்ளத்துக்காரர் கேட்டாரே. ‘அது கடல் வெளிய போற வழில்லா, உன்னைய யாருல அதுல எறங்கச் சொன்னது’ன்னு."

"தெரிஞ்சுமா இத்தன வருசம் வாயத் தொறக்கல?"

"அம்மாவுக்கு அப்பா தண்ணி தெரிஞ்ச மனுசன். அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கச் சொல்லுதியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "சரி, அது பொறவு. அப்பவே, அந்த வள்ளத்துல வச்சே ஏன் நானாத்தான் எறங்கினேன்னு சொன்ன? பெரியம்மாகூட அங்க இல்லையே."

கையிலிருந்த தட்டை அடுக்கின் மேல் வைத்தான். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான்.

"அப்ப அவிய நீந்திக்கிட்டுல்லா இருந்தாவ பாப்பா. வள்ளத்துல இருந்து நல்லாத் தெரிஞ்சுது. கரைக்கு வந்துருவாவன்னுதான் நெனச்சேன். வந்ததும், நாலு பேருக்கு முன்னால இந்த வள்ளத்துக்காரங்க அவியள ஏசிரக் கூடாதுல்லா."